ஏழு பக்கம், ஏழு படம்

வெள்ளிக்கிழமை காலை பத்து மணி பன்னிரண்டு நிமிடத்துக்கு எங்கள் வீட்டுத் தொலைபேசி அடித்தது. நேரத்தை இவ்வளவு கறாராகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அந்த நிமிடத்தில் நான் ஸ்டூல் மேல் ஏறி நின்று, சுவர்க்கடிகாரத்துக்குப் புது பாட்டரி போட்டு, என் கைக்கடிகாரத்தைப் பார்த்து முள்ளைத் திருப்பிக்கொண்டிருந்தேன். முள் பத்து பன்னிரண்டில் நின்றது, தொலைபேசி அடித்தது. அன்று மாலை நான்கு மணி வரைக்கும் அந்தக் கடிகாரத்தை எத்தனை தடவை பார்த்தேன் என்று சொல்ல முடியாது. புது பாட்டரி போட்டதற்கு அது நன்றாகவே ஓடியது. தேவைக்கு மேல் வேகமாக ஓடியது போல எனக்குத் தோன்றியது.

வீரபாண்டித் திருவிழாவில் தேரோட்ட நாள் அது. மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை. மண் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கும் எனக்கும் விடுமுறைதான். அடுப்படியில் என் மனைவி மாவிளக்குக்கு மாவு இடித்துக்கொண்டிருந்தாள். மதியம் சாப்பிட்டுவிட்டுக் கோவிலுக்குக் கிளம்புவதாக ஏற்பாடு.

தொலைபேசியில் ஒருவர் ஆங்கிலத்தில் மிகவும் மரியாதையாகப் பேசினார். மகாராஷ்டிரத்தில் இருக்கும் ஓர் ஆராய்ச்சி நிலையத்தின் அலுவலகத்திலிருந்து. எங்கள் ஒரே மகள் மதுரையில் இயற்பியல் பட்டம் முடித்துவிட்டு, அந்த நிலையத்தில் மேலே படிப்பதற்காக நேர்முகத் தேர்வுக்குப் போயிருந்தாள். "உங்கள் மகள் தேர்வாகியிருக்கிறாள்" என்றார் அவர். நன்றி சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் "ஆனால்" என்றார்.

ஆனாலுக்குப் பிறகு வந்தது இதுதான். அவள் அனுப்பியிருந்த நான்கு ஃபைல்களும் டாக்குமென்ட் ஃபைல்கள். அவர்கள் கணினியில் திறந்தால் வரிகள் இடம்மாறிக் கிடக்கின்றன. அவர்களுடைய பதிவேட்டில் படங்களை மட்டும்தான் ஏற்ற முடியும். ஆகவே மொத்தம் ஏழு பக்கங்களையும் பக்கத்துக்கு ஒரு படமாக மாற்றி அனுப்ப வேண்டும். எழுத்து தெளிவாக இருக்க வேண்டும். முத்திரையும் கையெழுத்தும் படிக்கும்படி இருக்க வேண்டும். மாலை நான்கு மணிக்குக் குழு பட்டியலை மூடிவிடும். அதற்குள் வராவிட்டால் அந்த இடம் காத்திருப்போரில் முதல் ஆளுக்குப் போய்விடும்.

"நோ ப்ராப்ளம்" என்றேன். அரசு வேலையில் இத்தனை வருடம் இருந்ததில் அந்த இரண்டு வார்த்தைகளும் கேட்காமலே வந்துவிடுகின்றன. ரிசீவரை வைத்த பிறகுதான் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தேன்.

"என்னங்க, யாரு போன்ல?" என்று அடுப்படியிலிருந்து கேட்டாள்.

"ஒன் மகளுக்கு எடம் கெடச்சிருச்சு."

மாவுக் கையோடு ஓடிவந்தவள் என் முகத்தைப் பார்த்து நின்றாள். "அதுக்கு ஏன் இப்படிப் பேயடிச்ச மாதிரி நிக்கிறீக?"

"நாலு மணி வரைக்கும்தான் கெடச்சிருக்கு."

மகள் அந்த நேரம் ரயிலில் இருந்தாள். முந்தின நாள் ஏறியவள் சாயங்காலம் சென்னை வந்து, அங்கிருந்து பஸ் பிடித்து மறுநாள் காலையில்தான் தேனிக்கு வருவாள். வீட்டில் இருந்த ஒரே செல்போனும் அவளிடம் இருந்தது. ஃபைல்கள் மட்டும் வீட்டுக் கணினியில் இருந்தன. அவள் பிளஸ் டூ படிக்கும்போது வாங்கிய கணினி. அதில் எனக்குத் தெரிந்தது சீட்டு விளையாடுவதும், மெயில் வந்திருக்கிறதா என்று பார்ப்பதும்தான். தூசி விழாமலிருக்க என் மனைவி தன் பழைய புடவையைக் கிழித்து அதற்கு உறை தைத்துப் போட்டிருந்தாள். பூப்போட்ட உறையை எடுத்து மடித்து வைத்தேன்.

மூன்றாவது தடவை முயன்றபோது மகளின் எண் கிடைத்தது.

"சொல்லுங்கப்பா. ரயில் இங்கன ஏதோ ஒரு ஸ்டேசன்ல நிக்குது. சத்தமாப் பேசுங்க."

சத்தமாகவே சொன்னேன். தெருவில் போனவர் திரும்பிப் பார்த்தார். மகள் கடைசி வரைக்கும் கேட்டாள். பிறகு, "எடம் கெடச்சிருச்சா? நெசமாவா?" என்றாள். எனக்கு அப்போதுதான் உறைத்தது. நல்ல சேதியைச் சொல்லாமல் நேராகக் கெட்ட சேதியில் ஆரம்பித்திருக்கிறேன்.

"பதறாதீகப்பா" என்று அவளே எனக்குத் தைரியம் சொன்னாள். "எல்லா ஃபைலும் என் பேர் போட்ட ஃபோல்டர்ல கெடக்கு. ஒண்ணத் தொறங்க. கீபோர்டுல மேல வலது கைப் பக்கம் பிரிண்ட் ஸ்கிரீன்னு ஒரு பட்டன் இருக்கும். அத அமுக்குங்க. பெறகு பெயிண்டத் தொறந்து ஒட்டி, சேவ் பண்ணுங்க. அம்புட்டுத்தான்."

அமுக்கினேன். "ஒண்ணுமே நடக்கலையே, தாயி."

"வெளிய ஒண்ணும் தெரியாதுப்பா. உள்ளுக்குள்ள நடந்திருக்கும்."

ரயில் நகர்ந்துவிட்டது போல. குரல் துண்டு துண்டாகி, பிறகு இல்லாமலே போனது.

அவள் சொன்னது உண்மைதான். பெயிண்டைத் திறந்து ஒட்டியபோது, முழுத்திரையும் படமாக வந்து உட்கார்ந்தது. பக்கம், பக்கத்தைச் சுற்றியிருந்த பட்டன்கள், கீழே ஓரத்தில் மணி பத்து முப்பத்தொன்பது என்பது வரைக்கும். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. சேமித்து, திறந்து, பெரிதாக்கிப் பார்த்தேன். எழுத்துகள் சர்க்கரை டப்பாவைச் சுற்றும் எறும்புகள் போல இருந்தன. இன்னும் பெரிதாக்கினால் எறும்புகள் கட்டம் கட்டமாக உடைந்தன. மதிப்பெண் எழுபத்தெட்டா எழுபத்து மூன்றா என்று பெற்ற தகப்பனுக்கே தெரியவில்லை.

அடுத்த ஸ்டேஷனில் அவளே கூப்பிட்டாள்.

"முழுப் பக்கத்தையும் ஒரே திரையில வச்சுப் புடிச்சீகளா? அப்படித்தான் வரும். மொதல்ல பக்கத்தைப் பெருசாக்குங்க. மேல் பாதிய ஒருக்காப் புடிங்க, கீழ் பாதிய ஒருக்காப் புடிங்க. ரெண்டையும் பெயிண்ட்ல வச்சுச் சேருங்க."

"சேக்குறதுன்னா?"

"பக்கத்துப் பக்கத்துல வைக்காம, மேலயும் கீழயும் வச்சு ஒட்டணும். வரியோட வரி சேரணும். ஜேபெக்ல சேவ் பண்ணாதீக, எழுத்தச் சுத்தித் தூசி மாதிரி வரும். பிஎன்ஜின்னு ஒண்ணு இருக்கும், அத வச்சுக்கங்க."

இப்படித்தான் ஒட்டுவேலை தொடங்கியது. மௌஸைப் பிடித்து ஒரு படத்தின் துண்டை இன்னொன்றோடு பொருத்துவது, பழகிய கைக்குச் சுலபமான வேலையாக இருக்கலாம். என் கையில் கீழ்ப்பாதி ஒரு மயிரிழை இடப்பக்கம் போகும், திருப்பினால் இரண்டு மயிரிழை வலப்பக்கம் போகும். ஒரு மதிப்பெண் பட்டியலில் அவள் மின்காந்தவியலில் இரண்டு தடவை தேறியிருந்தாள். அதே வரி ஒட்டில் இரண்டு முறை வந்துவிட்டது. அதைச் சரிசெய்யப்போய் அந்தப் பாடமே காணாமல் போனது. மூன்றாவது தடவை ஒழுங்காக வந்தது. பேராசிரியர் கொடுத்திருந்த கடிதத்தில் கல்லூரி முத்திரை சரியாக ஒட்டின் மேல் விழுந்தது. வட்டத்தை வட்டமாக்கப் பத்து நிமிடம் ஆனது.

மனைவி பின்னால் வந்து நின்றாள். "கோணலா இருக்கே."

"எங்கன?"

"அங்கன. மூணாவது வரி."

அவள் கண் சரியான கண். கோலம் போடுகிற கை. அவள் சொன்ன பக்கமெல்லாம் துண்டை நகர்த்தினேன். "கொஞ்சம் மேல. இம்புட்டு இல்ல. ஆங், நிறுத்துங்க." பதினொன்றரை மணிக்குள் ஆறு பக்கங்கள் முடிந்தன. நாங்கள் இருவரும் ஒரு வேலையைச் சேர்ந்து செய்து வெகுநாள் ஆகியிருந்தது. அவள் மாவு இடிப்பதை மறந்து அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

ஏழாவது பக்கம் நான் கொடுக்கவேண்டிய உறுதிமொழிக் கடிதம். இந்தப் பெண்ணின் தகப்பனாகிய நான் அவளை அனுப்பச் சம்மதிக்கிறேன், அவள் நடத்தைக்குப் பொறுப்பேற்கிறேன் என்று ஆங்கிலத்தில் ஒரு பக்கம். மகள்தான் தட்டச்சு செய்து, நான் வெள்ளைத்தாளில் போட்டுக் கொடுத்த கையெழுத்தைக் கடைத்தெருவில் ஸ்கேன் செய்து, கீழே ஒட்டிவைத்திருந்தாள். என் பெயரில் போகிற கடிதம். தாளின் தலைப்பு வெறுமையாக இருந்தது. நான் எதை எழுதினாலும் முதலில் பிள்ளையார் சுழி போட்டுத்தான் எழுதுவேன். அலுவலகக் குறிப்பில்கூடப் பென்சிலால் போட்டு, வேலை முடிந்ததும் ரப்பரால் அழிப்பேன். என் மனைவிக்கும் தெரியாத பழக்கம். சாமி விஷயத்தில் அவளைக் கேலி செய்கிற ஆள் நான். அவள் காபி போட எழுந்து போன நேரத்தில், தமிழ் எழுத்துக்கு மாறி, மேலே நடுவில் ஓர் 'உ' போட்டேன். சிறியதாக இருந்தது. கொஞ்சம் பெரிதாக்கினேன். கீழே இரண்டு கோடும் இழுத்தேன். பிறகு மேல் பாதி, கீழ் பாதி, ஒட்டு. கடைசி வரிக்குக் கீழே பக்கத்தின் விளிம்பு தெரிந்தது. முடிந்தது என்று சேமித்தேன்.

பதினொன்று ஐம்பத்து நான்குக்கு ஏழு படங்களும் மெயிலில் போயின. அவசரத்துக்குக் காரணம் பன்னிரண்டு மணி. எங்கள் பகுதியில் அப்போது தினமும் பன்னிரண்டிலிருந்து இரண்டு வரை மின்வெட்டு. கரண்ட் சொன்னபடி போகும். வருவதில்தான் சொன்னபடி என்பது கிடையாது. பன்னிரண்டு அடித்ததும் மின்விசிறி நின்றது. யு.பி.எஸ். கீச் கீச்சென்று கத்தியது. நிதானமாகக் கணினியை அணைத்து, பூப்போட்ட உறையைப் போட்டு மூடினேன். காபி ஆறிப்போயிருந்தது. அன்று அதைவிட நல்ல காபியை நான் குடித்ததில்லை.

பன்னிரண்டு இருபத்தைந்துக்கு மறுபடி தொலைபேசி.

அதே மரியாதையான குரல். "படங்கள் மிகத் தெளிவாக இருக்கின்றன, சார். ஆறு பக்கங்கள் ஏற்றாகிவிட்டன. ஏழாவதில் உங்கள் கையெழுத்து இல்லை."

"இருக்கிறது" என்றேன்.

"இல்லை, சார். 'உண்மையுள்ள' என்பதோடு முடிகிறது. கையெழுத்தில்லாத உறுதிமொழியைக் குழு ஏற்காது. நான்கு மணி வரை காத்திருக்கிறேன்."

எங்கே போயிருக்கும்? நானே போட்ட கையெழுத்து. கண்ணால் பார்த்த கையெழுத்து. இருட்டான திரை முன்னால் உட்கார்ந்து, கண்ணை மூடி, காலையில் செய்ததையெல்லாம் வரிசையாக ஓட்டிப் பார்த்தேன்.

"கடைசியா அந்தப் பக்கத்துல என்ன பண்ணுனீக?" என்றாள் மனைவி. "நான் காபி போடப் போகும்போது சரியாத்தான இருந்துச்சு."

வேறு வழியில்லாமல் சொன்னேன்.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "நீங்களா? புள்ளையார் சுழியா?"

"பழக்கம்."

"வருசா வருசம் நான் மாவிளக்குப் போடுறப்ப, அரிசி மாவுக்கு அமிலம் எம்புட்டு, காரம் எம்புட்டுன்னு கேப்பீகளே!"

"அத அப்புறம் பேசலாம். சுழி ஒரு வரி எடத்தப் பிடிச்சிருச்சு. அந்தப் பக்கம் ஏற்கெனவே நெறஞ்சிருந்துச்சு. கையெழுத்து அடுத்த பக்கத்துக்கு எறங்கியிருக்கும். நான் மொதப் பக்கத்த மட்டும் படம் புடிச்சு அனுப்பிட்டேன்."

காரணம் தெரிந்தது. சரிசெய்யக் கரண்ட் இல்லை. போன வெள்ளிக்கிழமை இரண்டு மணிக்கு வரவேண்டிய கரண்ட் நாலேகாலுக்கு வந்தது. ஊரில் பிரவுசிங் சென்டர்கள் மூன்று. மூன்றுக்கும் அதே மின்வெட்டு, போதாததற்கு மூன்று பேரும் ஷட்டரை இறக்கிவிட்டு வீரபாண்டிக்குப் போய்விட்டார்கள்.

"வீரபாண்டியில கரண்ட் இருக்கும்" என்றாள் அவள். "திருவிழா முடியுற வரைக்கும் அங்கன நிறுத்த மாட்டாக. போட்டோ ஸ்டால்ல எல்லாம் கம்ப்யூட்டர் வச்சிருப்பாக. போன வருசம் பாத்தேன்."

யு.பி.எஸ்ஸில் மிச்சம் இருந்த உயிரை நம்பிக் கணினியைத் திறந்தேன். அது விழித்துக்கொள்ள எடுத்த நேரத்தில் எனக்கு வேர்த்து ஊற்றியது. மகளின் பென் டிரைவைச் செருகி, அந்த ஒரு ஃபைலை மட்டும் இழுத்துப் போட்டேன். பச்சைக் கோடு ஓடி முடிந்தது. உருவியெடுக்கவும் திரை அணையவும் சரியாக இருந்தது.

ஸ்கூட்டரில் பின்னால் அவள், மடியில் மாவிளக்குத் தட்டு. என் சட்டைப் பையில் பென் டிரைவ். எட்டு கிலோமீட்டர்தான். அன்று அது எண்பது. கம்பம் போகிற பஸ்களையெல்லாம் வேறு வழியில் திருப்பிவிட்டிருந்தார்கள். ரோடு முழுக்க மஞ்சள் சேலை, வேப்பிலை, அக்கினிச்சட்டி. நேர்த்திக்கடனுக்கு உடம்பெல்லாம் சேறு பூசிய ஒருவர் ஸ்கூட்டருக்கு முன்னால் நிதானமாக ஆடிக்கொண்டே போனார். ஹாரன் அடிக்க எனக்கு மனம் வரவில்லை. தைரியமும் வரவில்லை. அரை கிலோமீட்டர் முன்பாகவே வண்டியை ஒரு தென்னந்தோப்பில் விட்டுவிட்டு நடந்தோம்.

ராட்டினத்துக்குப் பக்கத்தில் நீலத் தார்ப்பாய் போட்ட ஒரு போட்டோ ஸ்டால். உள்ளே கணினி, பிரிண்டர், ஒரு டேபிள் ஃபேன். கணினி முன்னால் நாற்பது வயதிருக்கும் ஓர் அம்மா. மஞ்சள் சேலை, ஈரத்தலை, கையில் காப்பு. கணவர் கூட்டத்துக்குள் போய்ப் படம் எடுத்துவருவார், இவர் அதைக் கணினியில் போட்டு அச்சடித்துக் கொடுப்பார் என்பது அங்கே நின்ற ஐந்து நிமிடத்தில் புரிந்தது.

"குடும்பமா நில்லுங்க சார்" என்றார் எங்களைப் பார்த்ததும். "பின்னாடி கோபுரம் வேணுமா, பனிமலை வேணுமா?"

"இவுகளுக்குக் கம்ப்யூட்டர்தான் வேணுமாம்" என்றாள் என் மனைவி. மகளுக்கு வந்திருக்கும் இடம், நான்கு மணி, கையெழுத்து எல்லாவற்றையும் நான்கே வாக்கியத்தில் சொல்லிவிட்டாள். எனக்கு நாற்பது வாக்கியம் ஆகியிருக்கும்.

அந்த அம்மா ஃபைலைத் திறந்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டார்: "இங்கிலீசு லெட்டருக்குச் சுழியா சார்?"

நான் ராட்டினத்தைப் பார்த்தேன்.

"இது ஒரு கஷ்டமும் இல்ல. ஒங்க கையெழுத்து ரெண்டாம் பக்கத்துல ஒத்தையா நிக்குது, பாருங்க. இந்தச் சுழிய எடுத்துட்டா தானா மேல ஏறிரும்."

"எடுத்துருங்க."

அவர் மௌஸிலிருந்து கையை எடுத்துவிட்டார். "நானா? காப்புக் கட்டியிருக்கேன் சார். மூணு மணிக்குச் சட்டி எடுக்கணும். இன்னைக்குப் போயி என்னைய புள்ளையார் சுழிய அழிக்கச் சொல்றீகளே. நீங்களே அழிச்சுக்கங்க." கீபோர்டை என் பக்கம் திருப்பி வைத்தார்.

ஒரு பட்டன். அமுக்கினால் மகளுக்கு இடம். பத்து வயதிலிருந்து அறிவியல் படித்தவன், சோதனைக் குழாய் இல்லாமல் எதையும் நம்பாதவன் என்று சொல்லிக்கொள்கிறவன் நான். விரல் பட்டன் மேல் இருந்தது. அமுங்கவில்லை. பின்னால் மேளம் அடித்துக்கொண்டிருந்தது. மூன்று நாள் ரயிலில் போய் வந்துகொண்டிருக்கும் பெண்ணை நினைத்தேன். அவளுக்காகப் போட்ட சுழி. அதை அவளுக்காகவே அழிப்பதா? அழித்த பிறகு அந்த இடம் எப்படியோ போய்விட்டால், வாழ்நாள் முழுக்க இந்த விரலைத்தானே பார்த்துக்கொண்டிருப்பேன்?

"வேணாம்ங்க" என்றாள் என் மனைவி மெதுவாக. அந்தக் குரலில் கேலி இல்லை.

வரிசையில் எனக்குப் பின்னால், அக்கினிச்சட்டி எடுத்து முடித்து முகமெல்லாம் கரியாக நின்ற ஒருவர் பொறுமை இழந்தார். "ஏண்ணே, சுழிய வைக்கிறதா எடுக்கிறதான்னு இன்னும் எம்புட்டு நேரம் பஞ்சாயத்து? என் மூஞ்சி கழுவுறதுக்குள்ள போட்டோ கெடைக்குமா?"

"செத்த பொறுங்கண்ணே, புள்ளைக்குப் படிப்பு விசயம்" என்று அவரை அடக்கிவிட்டு, அந்த அம்மா கீபோர்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "எதுக்கு சார் அழிக்கணும்? தாளுக்குக் கீழ எம்புட்டு வெத்து எடம் கெடக்கு! அதக் கொஞ்சம் வெட்டிக்கிருவோம்." பக்க விளிம்பைக் கீழே இரண்டு தடவை இறக்கினார். இரண்டாம் பக்கத்தில் தனியாகக் கிடந்த என் கையெழுத்து மேலே ஏறி, 'உண்மையுள்ள' என்பதற்கு அடியில் வந்து உட்கார்ந்தது. சுழி இருந்த இடத்திலேயே இருந்தது.

எனக்கு நாற்காலி தேவைப்பட்டது. ஓர் இரும்பு ஸ்டூல் கிடைத்தது.

"காலையில எப்படிப் படமாக்குனீக?" என்று கேட்டார்.

"திரையப் பிடிச்சு, ரெண்டு துண்டா ஒட்டி."

"ஏழு பக்கமுமா? தச்சே முடிச்சுட்டீகளா!" அவர் வாய்விட்டுச் சிரித்தார். "இங்கன பாருங்க." பிரிண்ட் என்பதை அமுக்கினார். வந்த பட்டியலில் நிஜப் பிரிண்டருக்குக் கீழே இன்னொரு பிரிண்டர் பெயர் இருந்தது. "இது தாள்ல அடிக்காது, படமா அடிச்சுத் தரும். திரையப் புடிச்சா திரையில எம்புட்டுத் தெரியுதோ அம்புட்டுத்தான் வரும். இது அச்சுக்குப் போற மாதிரியே வரும். இஞ்சுக்கு எரநூறு புள்ளி வைக்கிறேன். முந்நூறு வச்சா ஒங்க மெயில் இழுக்காது." இரண்டு நொடியில் படம் வந்தது. அதைப் பெரிதாக்கிக் காட்டினார். எழுத்தின் ஓரங்கள் கத்தரித்தது போல இருந்தன. என் கையெழுத்தில் பேனா தாளைவிட்டு எழும்பிய இடம்கூடத் தெரிந்தது. என் கையெழுத்தை அவ்வளவு தெளிவாக நானே பார்த்ததில்லை.

படத்தைப் பென் டிரைவில் போட்டு என் கையில் வைத்தார். "வீட்டுல நெட்டு இருக்குல்ல? இங்கன இல்ல. மணி ரெண்டேகால், ஓடுங்க. அக்காவ நான் பாத்துக்கிறேன், மாவிளக்குப் போட்டுட்டு மெல்ல திருவிழா ஸ்பெசல் பஸ்ல வரட்டும்."

ஓடினேன். அந்த வயதில், அந்த வெயிலில், எதிரே வரும் கூட்டத்தில் ஒவ்வொருவரிடமும் வழி கேட்டுக்கொண்டே ஸ்கூட்டர் நின்ற தோப்புக்கு ஓடினேன். வீட்டுக்கு வந்தபோது இரண்டு ஐம்பது. கரண்ட் வரவில்லை. மின்விசிறி சுவிட்சைப் போட்டுவிட்டு, அதன் இறக்கையைப் பார்த்தபடி உட்கார்ந்தேன். மூன்று. மூன்று பத்து. வானம் மேற்கே மலைப் பக்கம் கறுக்க ஆரம்பித்திருந்தது. மூன்று இருபத்தாறுக்கு இறக்கை ஒரு தடவை அசைந்தது, நின்றது, பிறகு சுற்றியது.

மெயிலைத் திறந்து, படத்தைச் சேர்த்து, அனுப்பினேன். மெயில் போகிற கோடு பாதியில் நின்று யோசித்தது. என் வாய் என்னென்னவோ சொன்னது, அறிவியலில் இல்லாததெல்லாம் சொன்னது. மூன்று நாற்பத்தொன்றுக்கு 'அனுப்பப்பட்டது' என்று வந்தது.

வந்துசேர்ந்ததா என்று கேட்கத் தொலைபேசியை எடுத்தேன். எண்ணைச் சுற்றி முடிப்பதற்குள் மலைப் பக்கம் பெரிய இடி. ரிசீவரில் ஒலி நின்றது. கரண்டும் நின்றது. கோடை மழை கொட்டித் தீர்த்தது. என் மனைவி ஐந்தரை மணிக்கு முழுக்க நனைந்து, மாவிளக்குப் பிரசாதத்தை முந்தானைக்குள் பொத்திக்கொண்டு வந்தாள். "போயிருச்சா?" என்றாள். "போயிருச்சு. சேந்துச்சான்னு தெரியல" என்றேன். ஃபோன் செத்தது செத்ததுதான். மகளின் எண்ணுக்கு அழைக்கப் பக்கத்துத் தெருவில் இருந்த பூத்துக்குப் போனேன். அங்கேயும் அதே கம்பி, அதே மழை.

இதெல்லாம் நடந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. இன்றைக்கும் காலை பத்து மணி வாக்கில் தொலைபேசி அடித்தால் நான் எடுப்பதில்லை, மனைவிதான் எடுக்கிறாள். பேசுகிறவர் உர விலை கேட்கிற மைத்துனர்தான் என்று தெரிந்த பிறகே என் கை ரிசீவரைத் தொடுகிறது. எந்தத் தாளில் கையெழுத்துப் போட்டாலும் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்க்கிறேன். அலுவலகத்தில் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

அந்த மழைக்கு மறுநாள் காலை ஏழு மணிக்கு முன்பாகவே நான் வாசலில் நின்றேன். ரோடெல்லாம் மழைத்தண்ணீரும், காற்றில் விழுந்த வேப்பம்பூவும். ஏழே காலுக்குத் தெருமுனையில் ஓர் ஆட்டோ திரும்பியது. மடியில் பையை வைத்துக்கொண்டு மகள் உட்கார்ந்திருந்தாள். இரண்டு நாள் பயணத்தில் முடி பிசுக்கேறி, கண் சிவந்து, முகத்திலிருந்து ஒன்றையும் படிக்க முடியவில்லை. முந்தின நாள் சாயங்காலம் சென்னையில் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது, ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து அவள் மெயிலைப் பார்த்திருக்கிறாள் என்பது எனக்கு அப்போது தெரியாது. என் மனைவி அடுப்படியிலிருந்து வந்து என் தோளுக்குப் பின்னால் நின்றாள்.

மகள் ஆட்டோவிலிருந்து இறங்கி, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நேத்துலருந்து போன் பண்ணிப் பண்ணிக் கை வலிக்குது, ஏன் எடுக்க மாட்டேங்கிறீக?" என்றாள். "ஜூலை கடைசிக்குள்ள அங்கன போயிச் சேரணுமாம்ப்பா. மழைன்னா மழை, அப்படி ஒரு மழையாம். எனக்கு நல்ல குடையா ஒண்ணு வாங்கிக் குடுங்க."